பூபதி வாங்கிய ஆம்ப்ளிஃபயர்

பூபதி காதைத் தீட்டிக்கொண்டு கேட்கவில்லை. பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

“இன்னா பூபதி, காது மந்தமா?” என்றார் பஷீர் பாய். பழவேற்காடு கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர். “இந்தச் சின்ன ஆம்ப்ளிஃபயரையே எடுத்துக்க. பழசுதான், ஆனா பாட்டு தேனா வரும்.”

“தேன் வாணாம் பாய். அதிரணும். அந்தப் பெருசைப் போடு.”

பெரிசு, கல்யாண மைக் செட்டுக்காரர் கழித்துவிட்ட சரக்கு. போட்டதுமே ‘கொர்’ரென்று இரைந்தது, பாட்டு ஒரு வரி புரியவில்லை. ஆனால் மேளம் விழுந்தபோது பூபதியின் கை மணிக்கட்டு வரை அதிர்ந்தது. ஆறு மாதமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அவன் முகத்துக்குத் திரும்பி வந்தது.

தன் முறைக்கு ஒருநாள் முன்பே பூபதி ஏரியில் வலை போட்டுவிட்டான் என்று ஊர்க்கூட்டத்தில் போட்டுக்கொடுத்து, அவனை அத்தனை பேர் முன்னால் காலில் விழ வைத்தவன் திருவேங்கடம். அந்த மண் இன்னும் நெற்றியில் ஒட்டியிருப்பது போல் பூபதிக்கு எரிந்தது. போதாக்குறைக்கு, மீன்பிடிக்க ஏரியைப் பங்கு பிரிக்கும் இந்த வருஷச் சீட்டுக் குலுக்கலில், பூபதி வீட்டுக்கு எதிரே இருக்கும் ஏரிப்பகுதி அந்தத் திருவேங்கடத்துக்கே விழுந்திருந்தது. தினமும் அவன் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

மைத்துனன் கங்காதரன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு வீட்டில் சும்மா கிடந்தன. பூபதி அவற்றைத் தூக்கிப் போய், கரையில் மிதந்த தன் படகின் அடிப்பலகை மேல் கவிழ்த்து வைத்தான். ஆம்ப்ளிஃபயரை வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்து, அங்கிருந்து ஒயர் இழுத்தான்.

“பாட்டு கேக்க நல்ல எடம் பாத்த போ” என்றாள் மனைவி இருசம்மாள்.

“பாட்டு நமக்கில்லடி, மீனுக்கு. துடுப்பால படகை ரெண்டு தட்டு தட்டினாலே மடவை தெறிச்சி ஓடும். இது வுடாம தட்டும். அவன் வலையில ஒரு செதிலு கூட வுழக் கூடாது.”

மறுநாள் விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை தண்ணீர் நடுங்கியது. கரையோர மடவைகள் துள்ளித் துள்ளி ஏரிக்குள்ளே ஓடின. பூபதி தொழிலுக்குக்கூடப் போகாமல் ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டான். பழி தீர்க்கப் புறப்பட்டவனுக்குப் பசி ஏது?

மூன்றாம் நாள் இருசம்மாள் சந்தேகமாகக் கேட்டாள். “இன்னாய்யா, அவன் சண்டைக்கே வரலயே? வலையக்கூட ஏரிக்கு உள்ள தள்ளிப் போட்டுக்கினான்.”

“மீனு கெடைக்காம அலையறான். அலையட்டும். வவுறு எரியட்டும்.”

எட்டாம் நாள் காலை, தலையில் கூடையோடு திருவேங்கடமே வாசலுக்கு வந்தான். வெறுங்கூடையைக் காட்டி அழத்தான் வருகிறான் என்று பூபதிக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பாட்டை நிறுத்திவிட்டுத் திண்ணைக்கு வந்தான். அவன் விழ வசதியாக இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்தான்.

“இருசு, வெளிய வந்து பாரு!”

திருவேங்கடம் குனிந்தான். குனிந்து கூடையை இறக்கி வைத்தான். முழங்கை நீள மடவைகள் இன்னும் துடித்துக்கொண்டிருந்தன.

“உன் பங்கு மச்சான். கரையிலேர்ந்து நீ வெரட்டுற மீனெல்லாம் நேரா என் வலையிலதான் வந்து வுழுது. ஏன் பாட்டை நிறுத்திட்ட?”

பூபதி நீட்டிய காலை மடக்கிக்கொண்டான். திருவேங்கடம் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான்.

“இந்த ஆம்ப்ளிஃபயர் பத்தலன்னா சொல்லு, இத்தவிட பெருசா நானே வாங்கித் தரேன்!”