தனியாகக் கூப்பிட்டால்

“நான் தனியாக் கூப்பிட்டா வரவே மாட்டேங்குதுண்ணே. பெரிசு கூட இருந்தாத்தான் வாயத் திறக்குது.”

அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். ஈரக் கையோடு வந்து கதவோரம் நின்றாள்.

“யாரது, தனியா வராதவ?”

கணவன் போனை வைத்துவிட்டுச் சிரித்தான். “அட, ஆளில்லடி. பிளகின்.”

அவனுடைய அண்ணன் கடைகளுக்கு மென்பொருள் விற்பவர். சரக்குக் குறைந்தால் அதுவே ஆர்டர் போடும், பில்லையும் அதுவே அனுப்பும். அதில் சொருகுகிற ‘பிளகின்’ என்னும் சின்னச் சின்னப் பைத்தான் நிரல்துண்டுகளை எழுதுவது இவன் வேலை. கம்பெனியிலும் சரி, வீட்டிலும் சரி, இவனுக்குப் பெயர் ‘தம்பி’. அடையாள அட்டையில் இருந்த பெயர் அட்டையோடு சரி.

“ஒவ்வொரு துண்டையும் தனியாச் சோதிச்சுப் பாக்கணும்னு அண்ணன் சொல்லிட்டார். தனியா இம்போர்ட் பண்ணிக் கூப்பிட்டா, ‘அந்தப் பேர்ல எதுவும் இல்ல’ன்னு சொல்லுது.”

“கண்ணு முன்னாடி இருக்கறதையா?”

“இருக்குது. ஆனா எங்க இருக்குன்னு பெரிசுக்கு, அண்ணனோட மெயின் மென்பொருளுக்கு, மட்டும்தான் தெரியும். இதுவும் எதுக்கெடுத்தாலும் பெரிசத்தான் தேடும். நான் இதுக்குன்னு ஒரு விலாசம் குடுத்து, அந்தப் பிடிய அறுத்து விடணும். அப்பறம் யார் கூப்பிட்டாலும் வரும்.”

“குடுத்து வச்ச பிளகின்,” என்றாள்.

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

தையல் ஆலையில் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தவளுக்கு வெளியூர்க் கிளையில் மேற்பார்வை வேலை கிடைத்திருந்தது. அங்கே இருவருக்குமாக ஒரு வீடும் பேசியாயிற்று. சாயங்காலம் பஸ். பெட்டியில் ஒரு பக்கம் அவள் துணி, மறுபக்கம் காலி.

“உங்க சட்டையெல்லாம் எடுத்து வைக்கட்டா?”

“இருடி, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“போன வாரமும் இதே வார்த்தைதான்.”

“அவர் முகம் பாத்துத்தானே கேக்கணும்.” அவன் விரல்கள் கீபோர்டை விட்டு எழவில்லை.

வெயில் தாழ்ந்ததும் பெட்டியை மூடினாள். தூக்கினால் உள்ளே துணி ஒரு பக்கமாகச் சரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, “ஏங்க, கிளம்பறேன். வாங்க,” என்று கூப்பிட்டாள்.

“வந்துடுச்சு! தனியாக் கூப்பிட்டேன், வந்துடுச்சுடி!” என்று உள்ளேயிருந்து கூச்சல் வந்தது. ஆள் வரவில்லை. அடுத்த மூச்சில், “அண்ணே...” என்று போனில் ஆரம்பித்துவிட்டான்.

பஸ் ஊர் எல்லையைத் தாண்டியபோது அவள் போன் அடித்தது.

“நானும் வரேன்டி. அடுத்த பஸ்ஸப் பிடிக்கறேன். சட்டையெல்லாம் பையில அடைச்சுட்டேன்.” அவனுக்கு மூச்சு வாங்கியது. “இனிமே நீயும் நானும்தான். போதுமா?”

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தைக்குத்தான் காத்துக் கிடந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிய வருஷமெல்லாம் ஒரு நொடியில் லேசாகிப் போனது.

“நெஜமாவா? யாரையும் கேக்காமலா?”

போனுக்குள் இன்னொரு குரல் தணிந்து கேட்டது.

“ஆமான்னு சொல்லுடா, தம்பி.”

“ஆமா,” என்றான் அவன்.

அதற்குள் அண்ணனே போனை வாங்கிவிட்டார். “அவன் ஒரே புலம்பலும்மா. நான்தான் நேர்ல வந்து, போயிட்டு வாடான்னு சொன்னேன். தம்பிய அனுப்பி வைக்கறேன், பாத்துக்கோ.”

அவள் ஈரம் காயாத கண்ணோடு போனைப் பார்த்தாள்.

“அந்தப் பேர்ல எனக்கு யாரும் இல்லீங்க.”