பதினாறாம் நாள் காக்கை

வேற்றுக் கிரகத்தாரின் கப்பல் கல்வராயன் மலைமேல் வந்து நின்ற நாளிலிருந்து கச்சிராயபாளையத்தில் காக்கையே இல்லை.

இந்த நிலையில்தான் சின்னக்கண்ணுவுக்குப் பதினாறாம் நாள் காரியம் வந்தது. குழம்பில் உப்பில்லை என்று கோபித்துக்கொண்டு, சாப்பிடாமல் கரும்பு வெட்டப் போனவர் பாம்பு கடித்துப் பிணமாகத்தான் வீடு வந்தார். அதே குழம்பை வைத்துப் படைத்திருந்தாள் மனைவி தைலம்மாள். படையலை ருசி பார்க்கக் கூடாது. இன்றைக்கும் உப்பு எப்படியோ!

"கா... கா..." என்று தொண்டை வற்றக் கூப்பிட்டாள்.

"எங்கண்ணி வரும்? கப்பல் சத்தத்துக்கு எல்லாம் ஓடிப்போச்சே. காக்கா வேணும்னு ஊரே அவங்களுக்கு மனு போட்டுக்கீது," என்றாள் நாத்தனார் மணிமொழி.

"மனு போட்டா உங்கண்ணன் கோவம் தீர்ந்துடுமாடி? அவரு வந்து துன்னாத்தான் எனக்கு மனசு ஆறும்."

சொல்லி வாய் மூடவில்லை. ஒரு காக்கை இறங்கி, ஒரு பருக்கை விடாமல் தின்றது.

தைலம்மாள் உடைந்து அழுதாள். "உப்பு சரியா இருந்துச்சுங்களா? கோவம் போயிடுச்சுங்களா?"

காக்கை தலையைச் சாய்த்தது.

"உங்கள் மனு ஏற்கப்பட்டது," என்றது. "இந்த ஏற்பாடு திருப்திதானா?"

தைலம்மாள் மலைப்பக்கம் திரும்பிக் கைகூப்பினாள்.

"திருப்திங்க."