மூடியில் குங்குமம்

பதனிட்ட தோல் வாங்க ஆலைக்கு வந்தவர்களிடம் முதலாளி கதையளந்துகொண்டிருந்தார்: "முடி நீக்க இப்பல்லாம் சுண்ணாம்பு, சல்பைடு கிடையாதுங்க. என்சைம்தான். தோல் ஊறுற இந்தக் குழியில வெறுங்கையை விட்டாக்கூட ஒண்ணும் ஆகாது."

குழியோரம் நின்ற தொழிலாளி குணாளனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்சைம் பீப்பாயை வாங்கியதிலிருந்து யாரும் திறக்கவில்லை. போன வருஷ ஆயுதபூஜைக்கு வைத்த குங்குமம் மூடி விளிம்பில் அப்படியே இருந்தது. அவனுக்குப் புதுக் கையுறை கொடுத்ததே இன்று காலையில்தான், அதுவும் சுண்ணாம்பில் வெந்த விரல்களை மறைக்க.

கையுறைகளைக் கழற்றிக் குழித் திட்டில் வைத்தான்.

"நீங்களே விட்டுக் காட்டுங்க முதலாளி."

வந்தவர்கள் அவன் விரல்களைப் பார்த்தார்கள். பிறகு முதலாளியைப் பார்த்தார்கள். அவர் சிரித்தபடியே மோதிரத்தைக் கழற்ற ஆரம்பித்தார். கழற்றிக்கொண்டே இருந்தார்.