இரும்புக்கு வெந்நீர்க் குளியல்

"பாப்பா வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் ஆகப் போகுது மாப்ள. ஒரு தடவையாவது தூக்கினீங்களா? இங்க உக்காந்து இரும்பைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கீங்க!"

பட்டறை வாசலில் நின்று மாமியார் பொரிந்து தள்ளினாள். மெக்கானிக் மருமகன் தலையைத் தூக்கவில்லை. அவன் மடியில் ஒரு பைக் மட்கார்டு. பவுடர் கோட்டிங் பூச்சு போட்டு, கறுப்பில் முகம் தெரியும் அளவுக்கு மினுமினுத்தது.

"சத்தம் போடாதீங்க அத்தை. கை நடுங்கிடும்."

"நடுங்குறதுக்கு இது என்ன கண்ணாடியா?"

"அதைவிட மோசம். பெட்ரோல்ல துடைச்சா மங்கிடும். வெயில்ல கழுவினா திட்டுத் திட்டா நிக்கும். முரட்டுத்தனமா ஒரு தேய் தேய்ச்சாப் போதும், காட்டிக் குடுத்துரும்."

பேசிக்கொண்டே சட்டித் தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்த்தான். சூடு கொஞ்சம் கூடுதல். ஒரு குவளை பச்சைத் தண்ணீர் கலந்தான். பிறகு ஒரு சின்ன பாட்டிலைக் கவிழ்த்து இரண்டே சொட்டு விட்டான்.

"அடக் கடவுளே, பாப்பாவோட ஷாம்பூ! நேத்து வீடு பூரா தேடினேனே!"

அவன் மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுக்க ஆரம்பித்தான்.

மாமியாருக்குத் திட்ட வந்ததே மறந்துபோனது. உள்ளங்கை முழுக்கக் காய்ப்புக் காய்த்த கை அது. கதவைச் சாத்தினால் தெருவே அதிரும். அந்தக் கையா இது? வளைவின் அடியில் தேங்கிய ஈரத்தைக்கூட விடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தான். நெற்றி வேர்வை மட்கார்டில் விழுந்துவிடாமல் தோளில் துடைத்துக்கொண்டான். இப்படி ஒரு பதமான வேலையை அவள் பார்த்ததே இல்லை. வாயைப் பிளந்தபடி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடேயப்பா! அசந்துட்டேன் மாப்ள, நிஜமா அசந்துட்டேன்." அவள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "இதுல கால்வாசி அக்கறை பெத்த குழந்தை மேல இருக்கக் கூடாதா? பொண்ணாப் பொறந்துருச்சேன்னு மனசுல சுணக்கமா? உள்ள என் மக அதை நினைச்சே கண்ணைக் கசக்கிக்கிட்டு இருக்கா."

அவன் மட்கார்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓரம், வளைவு, அடிப்பக்கம் ஒன்றையும் விடவில்லை.

"ஒரு கீறல்கூட இல்லை அத்தை!" முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தான்.

"ரொம்ப சந்தோஷம். யாரு வண்டியாம் அது? அவ்வளவு பெரிய மனுஷனா?"

"வண்டியே கிடையாது அத்தை. பழைய இரும்புக் கடையில கிடந்தது. நான்தான் கோட்டிங் போட்டு வாங்கிட்டு வந்தேன். இதுக்கு முன்னாடி கழுவினது எல்லாத்துலயும் என் கை பட்டுக் கீறல் விழுந்துருச்சு."

எழுந்து, காய்த்துப்போன கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினான்.

"இதுல விழலை. வாங்க, இனிமே பாப்பாவை நான் குளிப்பாட்டுறேன்."