புதுவாயலின் அமெரிக்க எம்.எல்.ஏ.

“ஜெயிக்கிற வரிக்கும்தான் இவங்கல்லாம் பேசுவாங்க. அப்பால எவன் சொன்னத செஞ்சான்?” என்றான் ஜெகன்.

கல்பனாவுக்குச் சுருக்கென்றது. கட்டிய புருஷனே இப்படிப் பேசினால் ஊரான் என்னதான் பேசமாட்டான்?

“நம்ம மொதலாளி சொன்னா செய்வாருய்யா. பாத்துக்கினே இரு.”

முதலாளி சாம்சன் புதுவாயலில் பிறந்தவர். அமெரிக்கா போய்த் தொழில் செய்து, அந்த ஊர்க்காரராகவே ஆகி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் பம்பு பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்று வைத்தார். போதாக்குறைக்கு, அமெரிக்காவில் ஒரு மாநில எம்.எல்.ஏ. தேர்தலிலும் நின்றுவிட்டார்.

அந்தக் கம்பெனியில் பேக்கிங் வேலை கல்பனாவுக்கு. வருஷக்கணக்காக கான்ட்ராக்ட்தான். பிள்ளை பெறப் போனால்கூடத் திரும்பி வரும்போது வேலை இருக்குமோ என்னவோ. பர்மனென்ட் ஆகிவிட வேண்டும், அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. மேனேஜர் சுப்பிரமணியிடம் கேட்டதற்கு, தேர்தல் முடியட்டும், முதலாளி ஒரு முடிவு சொல்வார் என்றார். அது போதாதா? சாம்சன் சர்ச்சுக்குப் போகிறவர் என்றாலும், அவர் ஜெயித்தால் வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு சுற்றி வருவதாகப் பெரியபாளையத்தம்மனிடம் வேண்டிக்கொண்டாள்.

அம்மன் கைவிடுவாளா? ஜெயித்தேவிட்டார். புதுவாயல் கூட்டுரோட்டில் ‘அமெரிக்க எம்.எல்.ஏ.’ என்று கோட்டு சூட்டோடு பேனர் எழுந்தது. ஞாயிற்றுக்கிழமை உடம்பெல்லாம் வேப்பிலை குத்த, கல்பனா கோயிலைச் சுற்றி வந்தாள். ஜெகன் முணுமுணுத்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான்.

மறுநாள் கம்பெனியில் எல்லோரையும் கூப்பிட்டார்கள். முதலாளி தன் முதல் வாக்குறுதியை நிறைவேற்றப்போகிறார் என்றார் மேனேஜர். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. கல்பனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெகனும் தன் காதால் கேட்கட்டும் என்று போன் போட்டுக் கையில் உயர்த்திப் பிடித்தாள்.

“நம்மளுக்கு இன்னா வாக்கு சார் குடுத்தாரு? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”

சுப்பிரமணி தலையைக் குனிந்துகொண்டார்.

“உங்களுக்கில்லம்மா, அங்க ஓட்டு போட்டவங்களுக்கு. ஜெயிச்சா இந்த கம்பெனிய மூடிட்டு, வேலையெல்லாம் அவங்களுக்கே குடுக்கறேன்னு சொல்லியிருந்தாரு. மத்தவங்க எல்லாம் இன்னையோட நின்னுக்கலாம். பேக்கிங்ல இருக்கறவங்க மட்டும் மெஷினயெல்லாம் கட்டி அனுப்பிட்டு நில்லுங்க.”