பக்கத்துப் பார்வை

"பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரியாத மாதிரி ஒரு கிளாஸ் இருக்குதாமே, அது வேணும்" என்றாள் சங்கரி, போனை மேஜைமேல் வைத்து.

ரியாஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பட்டுக்கடைகளுக்கு நடுவில் ஆறு வருஷமாக மொபைல் கடை வைத்திருக்கிறான். அந்தக் கண்ணாடியைக் கேட்டு காலேஜ் பசங்கள் வருவார்கள். தறி நெய்கிற, இரண்டு பிள்ளை பெற்ற சங்கரி அக்கா வந்து கேட்பாள் என்று அவன் நினைத்ததே இல்லை.

"பிரைவசி கிளாஸா? உங்களுக்கு எதுக்குக்கா? சாதா கிளாஸே போதும், பளிச்சுனு தெரியும். இல்லாட்டி மேட் போட்டுக்குங்க, கைரேகை படியாது. பிரைவசி போட்டா வெளிச்சம் கொஞ்சம் மங்கும்."

"மங்கினா மங்கட்டும்பா. நேரா பாக்குற எனக்குத் தெரிஞ்சா போதும். அடுத்தவங்களுக்குத் தெரியக் கூடாது."

இதை அவள் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தன் போனுக்கு ஃபிளிப் கவர் பார்த்துக்கொண்டிருந்தார் கைலாசம். எதிர்ப் பட்டுக்கடை அவருடையது. சங்கரிக்கும் அவள் புருஷன் முத்துக்குமாருக்கும் நெய்யப் பாவு நூல் கொடுக்கிற முதலாளி. போதாக்குறைக்கு, ரியாஸின் கடை இருக்கிற கட்டடமும் அவருடையதுதான்.

"ஏம்மா, குடும்பப் பொம்பளைக்கு அப்படி என்ன ரகசியம்?"

"போன் என்னோடது மொதலாளி."

"முத்துக்குமாருக்குத் தெரியுமா?"

"அவரு தறியில இருக்காரு."

"நான் கேட்டது அதில்ல."

"நான் சொன்னது அதுதான்."

ரியாஸுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். உண்மையைச் சொன்னால் அவனுக்கும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டுதான் இருந்தது. யாரிடம் பேசுகிறாள், எதை மறைக்கிறாள்? வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதையே பெரிய பண்பு என்று அவனாக நினைத்துக்கொண்டான்.

"ரியாஸ், ஸ்டாக் இல்லன்னு சொல்லிடுப்பா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு உன்னையும் சேத்துத்தான் பேசும்" என்றார் கைலாசம்.

டிராயருக்குள் போன ரியாஸின் கை அப்படியே நின்றது.

"ஸ்டாக் இல்லன்னா சொல்லு, பஸ் ஸ்டாண்டுகிட்ட வாங்கிக்கிறேன். ஒட்டாம மட்டும் வீட்டுக்குப் போக மாட்டேன்" என்றாள் சங்கரி.

அவனுக்கு எங்கிருந்தோ ஒரு ரோஷம் வந்தது. மீசை முளைக்காத பையன்கள் இதே கண்ணாடியை டஜன் கணக்கில் வாங்கிப் போகிறார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லையே! கண்ணாடியை எடுத்தான். போனைத் துடைக்க ஆரம்பித்தான்.

கைலாசத்தின் முகம் கடுத்தது.

"அத ஒட்டினா, நாளையிலேருந்து பாவு வாங்க என் கடைப் படி ஏறாதே, சொல்லிட்டேன்."

பாவு இல்லையென்றால் தறி நிற்கும். தறி நின்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. ரியாஸ் துடைப்பதை நிறுத்திவிட்டு சங்கரியைப் பார்த்தான்.

"இந்த ஊர்ல பாவு கொடுக்க வேற ஆளே இல்லியா? நீ ஒட்டுபா."

கைலாசம் விடுகிற ஆள் இல்லை. முத்துக்குமாருக்கே போனைப் போட்டார், அதுவும் ஸ்பீக்கரில். கடைக்கு வந்திருந்த மற்ற இரண்டு பேரும் கவர் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"டேய் முத்து, உன் பொண்டாட்டி இங்க வந்து நின்னுக்கினு, பக்கத்துல இருக்கறவனுக்குத் தெரியாத கண்ணாடி கேக்குறாடா. உனக்கு விஷயம் தெரியுமா?"

அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்றது.

"தெரியும் மொதலாளி. ரெண்டு பேரும் பேசித்தான் அனுப்பி வச்சேன்."

"எதுக்குடா?"

"அத அவளே சொல்லட்டும். பதினஞ்சு நாளா மனசுல வச்சுக்கினு பொருமிக்கினு இருக்கா."

போன் வைக்கப்பட்டது. கைலாசம் இப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவில்லை.

ரியாஸ் கண்ணாடியை ஒட்டி, குமிழ் இல்லாமல் அழுத்தி, போனை உயிர்ப்பித்தான். கட்டம் கட்டமாக ஒரு படம் திறந்தது. பட்டுச்சேலை முந்திக்கு வரைகிற டிசைன். அதில் ஓர் அன்னம், விரலால் வரைந்தது, அத்தனை அழகு. இதையா மறைக்கப் பார்த்தாள்? தான் நினைத்ததை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது.

சங்கரி போனை வாங்கி நேராகப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த கைலாசத்தைக் கேட்டாள்.

"ஏதாவது தெரியுதா மொதலாளி?"

"ஒண்ணும் தெரியல. வெறும் கறுப்பா இருக்குது."

"அப்ப நல்ல கிளாஸுதான். ரெண்டு மாசம் முன்னாடி சேலை கொடுக்க வந்தப்ப, உங்க கடை பெஞ்சில உக்கார்ந்து நான் இத வரைஞ்சுக்கினு இருந்தேன். நீங்க போன் பேசுற மாதிரி பக்கத்துல வந்து நின்னீங்க."

"அதுக்கு என்ன இப்ப?"

"அதையே தறிக்கு டிசைன் அட்டையா அடிச்சு, வேற ஆளுகிட்ட நெய்யக் கொடுத்தீங்க. இப்ப அந்தச் சேலை உங்க கடை வாசல்ல தொங்குது. 'எங்கள் சொந்த டிசைன்'னு போர்டு வேற."

"அது எங்க டிசைனர் போட்டதும்மா. அன்னம்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"இருக்கட்டும் மொதலாளி. ஆனா உங்க சேலையில முந்தி முழுக்க அத்தனை அன்னமும் ஒத்தக் கால்ல நிக்குதே, ஏன்?"

கைலாசம் மென்று விழுங்கினார். "அது... அது ஒரு ஸ்டைலும்மா."

"ஸ்டைலு இல்ல மொதலாளி. அன்னிக்கு நீங்க போட்டோ புடிச்சப்ப நான் ஒரு காலுதான் வரைஞ்சிருந்தேன். இன்னொரு கால வீட்டுக்குப் போய்த்தான் வரைஞ்சேன்."