பஞ்சுக்கொட்டி வீடு

"ஆட்டோக்காரர்ட்ட ஒங்க வீட்டுக்காரர் பேரச் சொன்னேன், முழிச்சாரு. தெருவச் சொன்னதும், 'ஓ, பஞ்சுக்கொட்டி வீடா?'ன்னு நேரா இங்கன கொண்டாந்து எறக்கிட்டாரு. அதென்ன லாத்தா, பஞ்சுக்கொட்டி?"

மண்டபம் ஊருலருந்து தொண்டிக்கு வந்த மெஹருன்னிசா இன்னும் தண்ணிகூடக் குடிக்கல. மாப்பிள்ளையோட உம்மா. அதுக்குள்ள கேள்வி.

பொண்ணோட உம்மா தாஜுன்னிசாவுக்கு முகம் வெளுத்துருச்சு. வர்ற வெள்ளி நிச்சயம்.

"அது... அந்தக் காலத்துல கொழும்புக்குப் பஞ்சு ஏத்துமதி."

"பஞ்சு சரி. கொட்டி?"

தாஜுன்னிசாவோட மகன் உசாமா குறுக்க விழுந்தான். "கோடி மாமி! பஞ்சுல கோடி பாத்த வீடு. ஊர்க்காரனுக்கு நாக்கு தடிச்சுப்போயி கொட்டி ஆயிருச்சு."

தாஜுன்னிசா அவன அடுப்படிக்கு இழுத்துட்டுப் போனா.

"ஏலே, இவ சம்பந்தம் பேச வரல, துப்புத் துலக்க வந்திருக்கா. ஒங்க பாட்டனாரு வீடு வீடாப் போயி மெத்தைக்குப் பஞ்சு அடிச்சது தெரிஞ்சா அப்படியே எந்திருச்சுப் போயிருவா!"

"பயப்படாதீங்கம்மா. இன்னொருக்கா கேட்டா பஞ்சாப்லருந்து வந்தோம்னு சொல்லிர்றேன்."

திரும்பி வந்தா, அடுத்த கேள்வி தயாரா இருந்துச்சு.

"கொட்டைய எடுத்த பஞ்ச வில்லு நாண்ல வச்சு அடிப்பாகளே, அந்த வில்லு ஏதும் இருக்கா இங்கன?"

"வில்லா? எங்க மாமனாருக்கு முயல் வேட்டன்னா உசுரு!"

"குறி தப்பாது மாமி"ன்னான் உசாமா.

மெஹருன்னிசா சிரிக்கல. ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா.

தேத்தண்ணி கொண்டாந்த கல்யாணப் பொண்ணு யும்னா தட்ட டக்குனு வச்சா.

"மாமி, எனக்கு ஒங்க மகனப் புடிச்சிருக்கு. ஆனா பொய் சொல்லிட்டு வந்து வாழ என்னால ஏலாது. கொட்டுறதுன்னா அடிக்கிறது. எங்க பாட்டனாரு வில்லு வச்சுப் பஞ்சு கொட்டுனவுக. அதான் பஞ்சுக்கொட்டி. வேணாம்னா இப்பவே சொல்லிருங்க."

தாஜுன்னிசா கண்ண மூடிக்கிட்டா.

மெஹருன்னிசா எந்திருச்சா. யும்னாவக் கட்டிப்புடிச்சு அழுதா.

"எங்க வாப்பாவும் அதே தொழில்தாம்மா. ஆட்டு நரம்ப முறுக்கித்தான் நாண் கட்டுவாக. முன்னால மூணு எடத்துல இதச் சொன்னேன், மூணு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. ஒங்க வீட்டுப் பேரக் கேட்டதும்தான், இவுக நம்மளக் கொறச்சுப் பாக்க மாட்டாகன்னு உசுரு வந்துச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்!" தாஜுன்னிசாவும் கட்டிப்புடிச்சு அழுதா. வாசல் வரைக்கும் வந்து கையாட்டி வழியனுப்புனா.

ஆட்டோ தெரு முக்கு திரும்புச்சு. தாஜுன்னிசா கதவச் சாத்துனா.

"உசாமா, தரகருக்குப் போனப் போடு. வேற மாப்ள பாக்கச் சொல்லு."

"ஏம்மா?"

"ஏனா? பஞ்சு கொட்டுனவுக வீட்டுலயா போயி நம்ம புள்ளையக் குடுக்குறது?"